வலைக்குள் நின்ற சுருட்டைச் செடி

"அப்படி என்னதாம்மா இருக்கு அங்கன?" என்று மகன் கேட்கிறான். போன வாரமும் கேட்டான், அதற்கு முந்தின வாரமும் கேட்டான். சென்னையில் மாடிமேல் மாடியாக அடுக்கின கட்டடத்தில் அவன் வீடு. அதில் எனக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் வேப்பமரத்தின் உச்சி தெரியும். மருமகளும் நல்லவள். இரண்டு பேரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் என் வேலை சுலபம், நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவேன். நல்ல பிள்ளைகளிடம் எதைச் சொல்லி மறுப்பது?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு "தக்காளி இருக்கு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் சொல்ல முடியாது.

சித்திரையில் அவன் அப்பாவின் திதிக்கு வந்திருந்தபோது எங்களுக்குள் ஒரு பேச்சு ஆனது. அவன் கெஞ்ச, நான் முறுக்க, கடைசியில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "இந்தத் தடவை தக்காளி ஒழுங்கா வந்தா நான் இங்கனதான் இருப்பேன். நீ இனிமே கூப்பிடக் கூடாது. வராட்டா நானே பெட்டியக் கட்டிட்டு வந்திருதேன்." அவன் என் கையைப் பிடித்து "சத்தியமா?" என்றான். "சத்தியந்தான் போ" என்றேன். தக்காளி பயிரிட்டவள் எவளாவது அதை நம்பிச் சத்தியம் செய்வாளா? கோபத்தில் இருக்கும்போது எனக்கு மூளை கொஞ்சம் பின்னால்தான் வரும்.

எங்கள் இடம் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில், ஊர் முடிகிற பக்கம். முடிகிற பக்கம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், இப்போது ஊர் எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? சுற்றிலும் இருந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனை ஆகிவிட்டன. வெள்ளை அடித்த கற்களை ஊன்றி, வாசலில் வளைவு கட்டி, அதில் பெரிதாக ஒரு நகரின் பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நகர் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. மனை வாங்கியவர்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வாங்கினதோடு சரி, கல் ஊன்றின இடத்தில் துத்தியும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன. நடுவில் என் தோட்டமும் வீடும் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முன்பு பக்கத்து வயல்காரர்கள் இருந்தார்கள். உத்தமமான மனிதர்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் முறைக்கு மல்லுக்கட்டுவார்கள், வரப்பை ஒரு சாண் வெட்டி உள்ளே தள்ளுவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களோடு போடாத சண்டை இல்லை. நானும் சளைத்தவள் இல்லை. ஆனால் வயலில் ஒரு நோய் வந்தால் சொல்ல ஆள் இருந்தது. "உம்ம செடியப் பாரும், இங்கன வந்திருக்கு" என்று கத்தினால், மறுநாள் திட்டிக்கொண்டேயாவது அவர்களும் பிடுங்குவார்கள். இப்போது சண்டை போடக்கூட எனக்கு ஆள் கிடையாது. தனியாக இருப்பது என்றால் அதுதான். சாப்பாட்டுக்குத் துணை இல்லாததைப் பழகிக்கொள்ளலாம். சண்டைக்கு ஆள் இல்லாததைத்தான் என்னால் இன்னும் பழக முடியவில்லை.

தக்காளிக்கு வருகிற நோய்களில் எனக்கு அழுகலும் புழுவும் பெரிதில்லை. அவற்றைக் கண்ணால் பார்க்கலாம், மருந்து உண்டு. சுருட்டை அப்படி இல்லை. செடியின் கொழுந்து இலைகள் மேல்பக்கமாகச் சுருளும். ஓரம் மஞ்சள் தட்டும். செடி வளர்வதை நிறுத்திக் குறுகிப்போய், பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். சாகவும் சாகாது, காய்க்கவும் காய்க்காது. அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. ஈ என்றால் வீட்டில் மொய்க்கிற ஈ இல்லை, எள்ளைவிடச் சிறியது, இலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். செடியைத் தட்டினால் அடுப்புச் சாம்பலை ஊதின மாதிரி எழும்பி மறுபடி உட்காரும். நோய்ச் செடியில் சாறு குடித்த ஈ நல்ல செடியில் வந்து குடித்தால் அங்கேயும் நோயை இறக்கிவிடும். ஈயைக் கொல்லலாம். ஆனால் அது இறக்கிவிட்டுப் போனதற்கு உலகத்தில் மருந்து இல்லை. செடியைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி.

பிடுங்குவதற்கும் ஒரு முறை உண்டு. இந்தப் பக்கத்தில் எல்லோரும் சுருட்டைச் செடியைப் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். செடி வெயிலில் வாடும்போது அதில் இருந்த ஈயெல்லாம் எழும்பி அடுத்த செடிக்குப் போய்விடும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் எறிவார். "வாடகைக்கு இருந்தவன் வீட்ட இடிச்சிட்டா அவன் தெருவுலயா படுப்பான்? அடுத்த வீட்டுக்குத்தான் போவான்" என்று அவரோடு கட்டிப் புரண்டிருக்கிறேன். விடிகாலையில் ஈ மந்தமாக இருக்கும்போது போய், முதலில் சாக்கைக் கவிழ்த்துச் செடியை மூடி, வாயை இறுக்கிப் பிடித்து, சாக்கோடு சேர்த்துப் பிடுங்கிக் குழியில் போட வேண்டும். அவருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பிறகு அவரே போய்விட்டார். நான் சாக்கும் கையுமாக நிற்கிறேன்.

இந்த வருஷம் நான் எதையும் குறைத்துச் செய்யவில்லை. நாற்றை வலைக்குள் வளர்த்தேன். கொசுவலை இல்லை, கொசுவலையின் கண்ணில் வெள்ளை ஈ கையை வீசிக்கொண்டு நுழைந்து போகும். இது நாற்றுக்கென்றே விற்கிற நெருக்கமான வலை. தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம் போட்டேன். பசை தடவின மஞ்சள் அட்டைகளைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டேன். ஈக்கு மஞ்சள் என்றால் பைத்தியம், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனியில் சாரல் ஆரம்பித்தது. மலை மூடிக்கொண்டது, குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்தன. சாரல் அடித்தால் ஈ அடங்கிக் கிடக்கும். சத்தியம் செய்தது சரிதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சாரல் நிலைக்கவில்லை. ஆடி பிறக்கும்போது மேகம் கலைந்துவிட்டது. வெறும் காற்று, அதுவும் காய்ந்த காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து வீசு வீசென்று வீசியது. ஒரு காலையில் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு செடியின் கொழுந்து சுருண்டிருந்தது. சாக்கைக் கவிழ்த்துப் பிடுங்கினேன். இரண்டு நாள் கழித்து அதன் பக்கத்துச் செடி. பிறகு இந்தப் பக்கத்துச் செடி. எங்கிருந்து வருகிறது என்று தலையை உயர்த்திப் பார்த்தேன். மேற்கே, மனைகளுக்கு நடுவில், அந்த ஒற்றை வீடு இருந்தது.

இத்தனை மனைகளிலும் கட்டி முடித்துக் குடி வந்த ஒரே வீடு அதுதான். மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். மகன் சவுதியில் இருந்தான். மாமியாருக்குக் குற்றாலத்தில் கடை, விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். மருமகள் பகல் முழுக்க ஒற்றையாகத்தான் இருப்பாள். எங்களுக்குள் அதுவரை பேச்சு இல்லை. மாடியில் துணி காயப்போடும்போது அவள் என்னைப் பார்ப்பாள், நான் களை எடுக்கும்போது அவளைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில், கழுநீர் ஓடுகிற இடத்தில் ஒரு தக்காளிச் செடி நின்றது. தானாக முளைத்தது. இலை பூராவும் சுருண்டு, அவ்வளவு சுருட்டை உள்ள செடியை நான் பார்த்ததே இல்லை. விரலால் தட்டினேன். சாம்பல் பறந்தது. "அகப்பட்டியா களவாணி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இளம்பெண், முகம் வெளிறிப்போய் இருந்தது. வயிறு மேடிட்டிருந்தது.

"ஏட்டி, இந்தச் செடியப் பிடுங்கிரு. இது சீக்குச் செடி. என் தோட்டமே போயிரும்" என்றேன். முதல் பேச்சே அப்படி. வணக்கமில்லை, பெயர் கேட்கவில்லை.

அவள் செடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல தானா மொளச்சுப் பூத்து நிக்கிற செடியப் பிடுங்கக் கூடாதும்பாவ, பெரிம்மா. இது என்ன செய்யும், அது பாட்டுக்கு நிக்கி."

"உன் செடி அது பாட்டுக்குத்தான் நிக்கும். அதுல உள்ள ஈ அது பாட்டுக்கு நிக்குமா?"

"பேறு முடியட்டும் பெரிம்மா. அப்புறம் நானே பிடுங்குதேன்." குரல் எழும்பவில்லை, ஆனால் காலை நகர்த்தவில்லை.

பேறு கார்த்திகையில் என்றாள். அதற்குள் என் தோட்டம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கும். கோபத்தோடு திரும்பினேன். மூடநம்பிக்கை என்று திட்டிக்கொண்டே போகலாம் என்றால் அதுவும் முடியவில்லை. மகன் என் வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரர் வேலியோரத்து முருங்கைக் கிளையைக்கூட வெட்டமாட்டேன் என்றார். கிளை கூரையை இடித்துக்கொண்டு நின்றது. மகன் பிறந்த பிறகுதான் அரிவாளை எடுத்தார். அப்போது எனக்கு அது இனித்தது. இப்போது இன்னொருத்தி சொல்லும்போது கசந்தது.

மறுநாள் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன், மாமியாரிடம் சொல்லிப் பிடுங்க வைத்துவிடலாம் என்று. சின்னப் பெண்ணிடம் தோற்றால் பெரியவளிடம் புகார் செய்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே. பேரருவியில் தண்ணீர் நாலைந்து கயிறாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உடம்பு கிடைக்காமல் ஒருவரோடொருவர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். குரங்குகள்கூடச் சோம்பிப்போய் இருந்தன. வரிசையாகக் கடைகள், துண்டும் சோப்பும் எண்ணெய்ப் பாக்கெட்டும் நேந்திரம் சிப்ஸும் தொங்கின. அவள் கடையில் ஈயோட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"அந்தத் தக்காளிச் செடிக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திய?" என்று கேட்டாள். நான் நோயைப் பற்றி, ஈயைப் பற்றி எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கிளாஸ் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"வைகாசியில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. டெங்குன்னுட்டாவ டாக்டர். தென்காசி ஆஸ்பத்திரியில கொசுவலைக்குள்ள போட்டிருந்தாவ. கொசு கடிச்சு வந்த நோவு வயித்துல உள்ளதுக்கும் போயிரும்னு யாரோ ஒரு கூறுகெட்டவ அவ காதுல போட்டுட்டா. ஸ்கேன் பாத்து நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு, இவ நம்பலே. வீட்டுக்கு வந்த அன்னைக்குக் கழுவுத கல்லுக்கிட்ட அந்தச் செடி ரெண்டு இல விட்டு நிக்கி. அன்னையிலேருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கா. சுருண்டு நிக்கி, ஆனாலும் சாவலேல்லா, அதான். நான் பகலெல்லாம் இங்கன கிடக்கேன். அவளுக்கு அங்கன அந்தச் செடி ஒண்ணுதான். நீங்க படிச்சவிய, உங்களுக்கு இது கோட்டித்தனமா, பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியும். என்னால அதப் பிடுங்கச் சொல்ல முடியாது."

டீ ஆறிப்போனது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க வெள்ளைக் கற்கள், கற்களுக்கு நடுவே துத்தி. வெள்ளை ஈக்குத் துத்தியைப்போலச் சொகுசான இடம் வேறில்லை. ஒரே ஒரு செடியை நான் களவாணி என்று பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சுற்றிலும் ஆயிரம் களவாணிகள் நிற்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்தச் செடி ஒன்றுக்குத்தான் சொந்தக்காரி இருந்தாள். தட்டினால் திறக்க ஒரு கதவு இருந்தது. அதனால் அங்கே போய்க் கத்தினேன்.

மற்றவர்களையும் விடவில்லை. நகரின் வளைவில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, துத்தியை வெட்டச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பையன் மிக மரியாதையாக, "கார்னர் பிளாட் ஒண்ணு இருக்கு மேடம், கிழக்குப் பார்த்தது" என்றான். நான் வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவன் வங்கிக் கடனைப் பற்றிச் சொன்னான். கடைசியில் நானே அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியை ஒட்டின மனைகளில் முடிந்தவரை வெட்டினேன். அடுத்தவன் நிலத்தில் களை வெட்டுகிற முதல் பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

அதற்கு மறுநாள் விடிகாலையில் நாற்று வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வீட்டுக்குப் போனேன். அவள் பின்வாசலைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் செடிக்கு முன்னால் நின்றாள். "பிடுங்க வரலேட்டி, தள்ளு" என்றேன். வேப்பெண்ணெயையும் சோப்பையும் தண்ணீரில் கலக்கி இலைக்கு அடியில் படும்படி அடித்தேன். நாலு மூலையிலும் குச்சி நட்டேன், அவள் பிடித்துக்கொண்டாள். வலையைச் சுற்றிக் கட்டி, கீழே மண்ணை அணைத்து மிதித்தேன். வெளியே உள்ள ஈ நாற்றில் போய் உட்காராமல் இருக்கத்தான் அந்த வலை. உள்ளே உள்ளது வெளியே வராமல் இருக்க அதைக் கட்டியது அதுதான் முதல் தடவை.

சணலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "பெரிம்மா, செடிக்கு வந்த நோவு காய்க்குப் போவுமா? காய்க்குள்ள விதை இருக்குல்லா, அதுக்கு?"

என் கை நின்றுவிட்டது. அவள் தக்காளியைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது தக்காளி. "சுருட்டை விதையில போவாதும்பாவ. ஈ கொண்டாந்து விட்டாத்தான் உண்டு. நான் கண்ட மட்டுக்கும் அப்படித்தான்" என்றேன். தக்காளியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். நான் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன். யாராவது அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது, எப்போதும் தெரிந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலம் தோட்டத்து ஓரம் வந்து நிற்பாள். நான் செடிகளைப் பார்ப்பேன், அவள் நான் பார்ப்பதைப் பார்ப்பாள். மஞ்சள் அட்டையில் ஒட்டியிருக்கிற ஈக்களைக் காட்டி "இம்புட்டா!" என்பாள். சவுதியில் இருப்பவன் என்ன சாப்பிட்டான் என்று சொல்வாள். நான் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. ஆனால் அவள் வராத நாளில் மாடியை ஏறிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கதையில் என்றால் வலை கட்டின அன்றோடு நோய் நின்றிருக்கும். என் தோட்டத்தில் நிற்கவில்லை. காற்று தெற்கிலிருந்தும் வந்தது, வடக்கிலிருந்தும் வந்தது. ஆவணி பாதிக்குள் நல்ல செடியைத் தேட வேண்டியதாயிற்று. பூவெல்லாம் கொட்டிப்போனது. சுருண்ட இலைகளோடு வரிசை வரிசையாகத் தோட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. முழுவதையும் பிடுங்குவது என்று முடிவு செய்தேன். ஆள் கூப்பிடவில்லை. அழுதுகொண்டு செய்கிற வேலைக்கு எதற்கு ஆள்?

விடிகாலைதோறும் போய், ஒவ்வொரு செடிக்கும் சாக்கைக் கவிழ்த்து, இறுக்கி, பிடுங்கி, குழியில் போட்டேன். தோட்டமே போகும்போது எதற்கு இந்தச் சாக்கு என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. யாரைக் காப்பாற்ற? சுற்றிலும் ஒரு தக்காளித் தோட்டம்கூட இல்லை. அந்த ஈ பறந்து போனால் போகட்டுமே. ஆனாலும் சாக்கில்லாமல் என் கை பிடுங்கவில்லை. குழியை மூடிவிட்டு நின்றபோது வெறும் தரை, சுற்றிலும் மக்காச்சோளம் மட்டும் காவல்காரனைப்போல நின்றது. காவல் காக்க உள்ளே ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை.

மகனுக்கு நானே போன் போட்டேன். "தோத்துட்டேன்" என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. "தீபாவளி கழிச்சு வந்து கூட்டிட்டுப் போறேம்மா" என்றான். சரி என்றேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே. பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

புரட்டாசியில் அந்த ஒற்றை வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. தாய்வீட்டிலிருந்து வந்து ராயகிரிக்குக் கூட்டிப் போனார்கள். கை நிறைய வளையலோடு கார் ஏறினவள், இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். "அத்த குற்றாலத்துலயே கடையில தங்கிக்கிடுதாவளாம், இனி ஐயப்ப சீசன் வேற வருது. வீடு பூட்டித்தான் கிடக்கும். பேறு முடியுத வரைக்கும் அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துவியளா பெரிம்மா?"

என் தோட்டத்தைக் கெடுத்தது என்று நான் கத்தின செடி. கெடுத்ததோ இல்லையோ, கத்தியது உண்மை. "ஊத்துதேன், போ" என்றேன். மகனிடம், கார்த்திகை கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஏன் என்றான். "பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தான்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. காலையில் எழுந்தால் தோட்டத்தில் வேலை கிடையாது. உழுது போடவும் மனமில்லை, போகிறவள் எதற்கு உழுவது? பூட்டின வீட்டின் பின்பக்கம் போய், வலையைத் தூக்கி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவேன். வலைக்குள் காற்று இல்லாததால் பூ பிஞ்சு பிடிக்காது. மகரந்தம் உதிரட்டும் என்று குச்சியால் தண்டை லேசாகத் தட்டிவிடுவேன். பிறகு அந்தக் கழுவுகிற கல்லிலேயே உட்கார்ந்திருப்பேன். சில நாள் அந்தச் செடியிடம் பேசுவேன். பேசுவேன் என்ன, திட்டுவேன். "எல்லாம் போச்சு, நீ மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கே" என்பேன். நாள் முழுக்க என் வாயிலிருந்து வந்த பேச்சு அவ்வளவாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பெய்த நாட்களில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஆனாலும் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். போகாவிட்டால் எங்கே போவது?

பூத்துப் பூத்து உதிர்த்த செடி, ஐப்பசியில் ஒரு கொத்து பிஞ்சு பிடித்தது. நெல்லிக்காய் அளவுதான், அதற்கு மேல் பருக்கவில்லை. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சிவந்துட்டா பெரிம்மா?" இல்லை என்றேன். பிறகு தினமும் அதே கேள்விதான். கார்த்திகை பிறக்கும்போது சிவந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, வலைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் போன் அடித்தது. அவளேதான் பேசினாள், குரல் உள்ளே போயிருந்தது.

"பெரிம்மா, காய்க்குப் போவலே."

கல்லை விட்டு எழுந்து நின்றேன். அவளே மேலே சொன்னாள். "பொட்டப்பிள்ள. நல்லாருக்கா. ரத்தம் எடுத்துல்லாம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லங்காவ. செடிய இனிப் பிடுங்கிருங்க. உங்களுக்கு எம்புட்டுத் தொந்தரவு."

"அதெல்லாம் கிடக்கட்டும். நீ சூடாக் குடி, காத்துல கிடக்காத" என்றேன். சொல்ல வந்தது வேறு. அது வாயில் வரவில்லை.

வைக்கப் போகும்போது அவள் கேட்டாள். "அஞ்சாம் மாசம் பிள்ளையத் தூக்கிட்டு அங்கன வந்திருவேன். நீங்க இருப்பியள்லா?"

"இருப்பேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. கோபத்தில்தான் எனக்கு மூளை பின்னால் வரும் என்று நினைத்திருந்தேன், மற்ற நேரத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. போனை வைத்த பிறகு அந்தக் கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வந்துவிடு, வந்துவிடு என்று என்னைக் கூப்பிட ஆள் உண்டு. இருப்பீர்களா என்று கேட்க ஆள் இல்லாமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அப்படி ஒன்று இல்லாமல் இருந்தேன் என்பதே அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் விடிகாலையில் பழங்களைப் பறித்துக்கொண்டு, சாக்கைக் கவிழ்த்து, இறுக்கி, அந்தச் செடியைப் பிடுங்கினேன். இத்தனை மாதம் நின்ற செடிக்கு வேர் ஒரு கைப்பிடிதான் இருந்தது. குழியில் போட்டு மூடினேன். பழங்களைப் பிசைந்து, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். காய்ந்ததும் நாற்று வளர்க்கிற குழித்தட்டில் போட்டு, அதே வலையைத் துவைத்து அதன்மேல் கட்டினேன். இப்போது இரண்டிரண்டு இலையாக முளைத்திருக்கிறது. நேராகத்தான் விரிந்திருக்கிறது. நட்ட பிறகு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. துத்தி மறுபடி வளர்ந்துவிட்டது, வளைவில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டால் இப்போது யாரும் எடுப்பதில்லை.

துடைத்து வைத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. சத்தியம் செய்தவள் நான், தோற்றவளும் நான், வரவில்லை என்று சொல்லப்போகிறவளும் நானே. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுப் போனில் மறுபடியும் கேட்டான், அப்படி என்னதாம்மா இருக்கு அங்கன என்று. நாளைக்குச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன்.